காஸ்கோனிக் கடற்கரையின் மணற்குன்றுகள்: கட்டியோரும் பெயர் பெற்றோரும்

கடலோர மணற்குன்றைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நீர் கொழித்து ஒதுக்கிய மணலை 'எக்கர்' என்று பழைய இலக்கியம் வழங்கும். மணல்மேடு, மணற்குன்று என்பன இன்றைய வழக்கு. தென்கோடிச் செம்மண் பரப்பினர் 'தேரி' என்பர். இச்சொற்கள் யாவும் இயற்கை குவித்த ஒன்றையே சுட்டுகின்றன. மனிதர் திட்டமிட்டுக் குவித்த மணற்குன்றுக்கெனத் தனிச்சொல் நம்மிடம் வழங்கவில்லை. பிரான்சு நாட்டின் தென்மேற்குக் கரையின் வரலாற்றை எழுதப் புகும்போது இக்குறை உடனே தெரியவருகிறது. ஏனெனில், ஜிரோந்த் ஆற்றின் கழிமுகத்திலிருந்து அதூர் ஆற்றின் முகம் வரை ஏறத்தாழ 230 கிலோமீட்டர் நீளம் செல்லும் அந்தக் கரையில், கடலை அடுத்து முதல் வரிசையாக நிற்கும் மணற்குன்று பெரும்பாலும் மனிதர் கட்டியது. ஏரிக்குக் கரை கட்டுவதுபோல் அளந்து, சரிவு பார்த்து, பல்லாண்டுகள் உயர்த்தி எழுப்பியது.

அக்குன்றை யார் கட்டினார் என்ற வினாவிற்குப் பாடநூல்கள் ஒரே ஒரு பெயரை விடையாகத் தருகின்றன. நிக்கோலா பிரெமோந்தியே (1738-1809) என்னும் அரசுப் பொறியாளர் பறக்கும் மணலை அடக்கி, பாழ்நிலத்தைக் காடாக்கினார் என்பது அவ்விடை. இவ்விடையில் மூன்று வேறு பணிகள் ஒன்றாகக் குழைந்துள்ளன என்பதும், அம்மூன்றிலும் பிறர் பங்கு மறைந்துபோனது என்பதும் இங்குக் காட்டப்பெறும். மறைந்தது பெயர் மட்டுமன்று. சில ஊரார்க்கு நெடுங்காலமாக இருந்துவந்த நிலவுரிமையும் அதனுடன் மறைந்தது.

மணல் வந்த கதை

காஸ்கோனிக் கரையில் கடல் ஓயாது மணலை ஒதுக்குகிறது. மேலைக்காற்று அதனை உள்நாட்டிற்குத் தள்ளுகிறது. ஏறக்குறைய 1,00,000 எக்டேர் பரப்பை இம்மணல் மூடியுள்ளது. குன்றுகளின் கீழைப்புறத்தில் வடக்குத் தெற்காக ஓர் ஏரித்தொடர் காணப்படுகிறது. உர்த்தேன்-கார்க்கான், லாக்கானோ, காஸோ-சங்கினே, பாரந்தி-பிஸ்கரோஸ் என்பன அவற்றுள் பெரியவை. கடலை நோக்கி வந்த சிற்றாறுகளின் வாயை மணல் அடைத்தமையால் தேங்கிய நீரே இவ்வேரிகள். நீர் உயர உயர ஊர்கள் பின்வாங்கின. சங்கினே ஏரியின் அடியில் உரோமர் காலத்து லோசா என்னும் குடியிருப்பின் எச்சங்களை நீரடி அகழாய்வாளர் கண்டுபிடித்துள்ளனர். மணல் ஊரை நேரே மூடாவிடினும் நீரைக் கொண்டு மூடியது என்பதற்கு இது சான்று.

நேரே மூடிய ஊர்களும் உண்டு. கழிமுகத்தின் தென்கரையிலுள்ள சூலாக் என்னும் ஊரில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரியன்னை தேவாலயம் ஒன்று உள்ளது. 'நிலத்தின் முடிவில் நிற்கும் அன்னை' என்பது அவ்வாலயத்தின் பெயர்ப்பொருள். மணல் ஏறியதால் 1744இல் மக்கள் அதனைக் கைவிட்டனர். ஒரு நூற்றாண்டிற்கும் மேலாகப் புதைந்து கிடந்த அக்கட்டடம் 1859 முதல் தோண்டி எடுக்கப்பட்டது. யாத்திரைப் பாதைகளின் தொகுதியில் ஒன்றாக 1998இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அர்க்காஷோன் விரிகுடாவின் வடக்கிலுள்ள லேஜ் என்னும் ஊர் மணலுக்கு அஞ்சி ஒருமுறைக்கு மேல் இடம்பெயர்ந்தது.

இம்மணலைப் பற்றி எழுதியோருள் முன்னோடியாகக் கட்டுரையாளர் மொந்தேனைக் குறிப்பிடலாம். தம் நூலில், மெதோக் பகுதியில் தம் உடன்பிறந்தார் ஒருவருடைய நிலம் மணலுக்கு அடியில் போனதை அவர் பதிவு செய்துள்ளார். புதிய உலகத்து மனிதரைப் பற்றிய கட்டுரையில், நிலமும் நீரும் இடம் மாறுவதற்கு எடுத்துக்காட்டாக அச்செய்தி வருகிறது. அவர் காலத்தில் மணல் என்பது காணவும் வியக்கவும் உரிய ஒன்று. தடுக்கத்தக்க ஒன்றாக அது இன்னும் எண்ணப்படவில்லை.

தடுக்கலாம் என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. அதற்கு ஒரு கணக்கும் துணைநின்றது. குன்றுகள் ஆண்டிற்கு 60 அடி, சில இடங்களில் 72 அடி முன்னேறுகின்றன என்றும், இவ்வாறே சென்றால் 2,000 ஆண்டுகளில் போர்தோ நகரை அடையும் என்றும் பிரெமோந்தியே கணித்தார். இயற்கையறிஞர் கூவியே இக்கணக்கைத் தம் நூலில் எடுத்தாண்டு, பின்னோக்கியும் கணக்கிட்டார். இப்போதுள்ள தூரத்தைக் கடந்துவரக் குன்றுகளுக்கு 4,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகியிருக்க வேண்டும். ஆகவே இன்றைய நிலப்பரப்பு மிகப் பழையதன்று என்பது அவர் முடிபு. ஓர் ஊரார் தம் வயலைக் காக்க எண்ணிப் பார்த்த மணலின் வேகம், பாரிசில் உலகின் வயதை அளக்கும் கடிகாரமாயிற்று. குன்றுகள் எல்லாம் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பல குன்றுகள் பல்லாண்டு நின்று, ஒரு புயற்பருவத்தில் பாய்ந்து செல்லும். போர்தோவை மணல் மூடும் என்ற கணக்கை அறிவியல் கணிப்பு என்பதைவிட, அரசிடம் பணம் பெற எழுதிய விண்ணப்பத்தின் வலுவான வரி என்று கொள்வதே பொருந்தும்.

முன்னரே அறிந்திருந்தோர்

பைன் மரம் மணலைப் பிடித்து நிறுத்தும் என்பதைக் காஸ்கோனியர் எந்தப் பொறியாளரிடமும் கற்கவில்லை. லா தெஸ்த், லாக்கானோ, பிஸ்கரோஸ் ஆகிய ஊர்களை அடுத்துப் பழைய மணற்குன்றுகள் மேல் இயற்கையாக வளர்ந்த பைன் காடுகள் இருந்தன. உள்ளூரார் அவற்றை 'மலை' என்றே அழைத்தனர். லா தெஸ்த் காட்டில் வீட்டிற்கும் படகிற்கும் மரம் வெட்டவும் விறகு எடுக்கவும் ஊரார்க்குள்ள உரிமை 1468இல் எழுதப்பட்ட ஆவணத்தால் உறுதிபெற்றது. காடிருந்த இடத்தில் மணல் நின்றது; காடில்லாத இடத்தில் நடந்தது. இரண்டும் ஒரே ஊரின் எல்லைக்குள் கண்முன் இருந்தன.

எனவே முயற்சிகளும் உள்ளூரிலேயே தொடங்கின. லா தெஸ்த் வட்டாரத்தின் நிலப்பிரபுக்களான ருவா குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டிலேயே மணலில் பைன் விதைக்க முயன்றனர். அதன்பின் தெபியே உடன்பிறந்தார் இருவர் வருகின்றனர். ஒருவர் குருவானவர்; மற்றவர் லா தெஸ்தில் வரி வாங்கும் அலுவலர். 1774இல் போர்தோ கலைக்கழகத்தில் மணலின் தோற்றம், அதன் படையெடுப்பு, அதனை நிலைநிறுத்தும் வழி ஆகியன பற்றிக் குருவானவர் ஓர் ஆய்வுரை படித்தார். சேன் ஜுலியேன் என்னும் ஊரில் தங்கள் குடும்ப நிலத்தை அடுத்த குன்றொன்றைத் தாங்கள் முன்னரே நிறுத்திக் காட்டியதாக அவர்கள் கூறினர். அவ்வுரையின் கையெழுத்துப்படி பின்னர்க் காணாமற்போயிற்று. பிரெமோந்தியே அதனை இரவல் பெற்றுத் திருப்பித் தரவில்லை என்ற குற்றச்சாட்டு அவ்வட்டார எழுத்துகளில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. குற்றச்சாட்டை மெய்ப்பிக்க அந்தப் படியே தேவை, அதுதான் இல்லை. ஆயினும் உரை படிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. பிரெமோந்தியே அப்பகுதிக்குத் தலைமைப் பொறியாளராக வந்தது 1784இல், அதாவது பத்தாண்டுகள் கழித்து.

இடையில் இன்னொருவரும் உண்டு. கடற்படைப் பொறியாளரான ஷார்லவுவா தெ வில்லியே 1778இல் அர்க்காஷோன் விரிகுடாவில் துறைமுகமும் கால்வாயும் அமைக்க இயலுமா என்று ஆராய அனுப்பப்பட்டார். கால்வாய் வெட்டினால் மணல் தூர்த்துவிடும்; ஆதலால் முதலில் மணலை நிறுத்த வேண்டும் என்று அவர் எழுதினார்; அதற்குரிய வழிகளையும் விரித்துரைத்தார். கால்வாய்த் திட்டம் கைவிடப்பட்டது. அவருடைய அறிக்கைகள் அலுவலகத்தில் தங்கின. பிரெமோந்தியேவின் கைக்கு அவை வந்தன என்பது அவருடைய தொடக்கத் திட்டங்களைக் கொண்டே உய்த்துணரத்தக்கது.

பிரெமோந்தியேவுக்கு உரியது எது? அரசை இணங்கவைத்ததும், பணம் பெற்றதும், பணியை ஒரு நிருவாகமாக ஆக்கியதும் அவருடையன. இதனைச் சிறிதென்று கொள்ளலாகாது. தனியார் ஒருவர் ஒரு குன்றை நிறுத்தலாம். ஆனால் அதற்கு மேற்கே கடலோரம் திறந்து கிடந்தால் அடுத்த குன்று வந்து முதற் குன்றை மூடும். கரை முழுவதையும் ஒருசேரப் பிடித்தாலன்றிப் பயனில்லை. அதைச் செய்யும் வலிமை அரசிற்கே இருந்தது. அவ்வுண்மையைத் தெளிவாகக் கண்டு வற்புறுத்தியவர் பிரெமோந்தியே.

ஆனால் மணலில் கைவைத்தவர் வேறு. 1787இல் லா தெஸ்தில் தொடங்கிய விதைப்பை நடத்தியவர் பியேர் பெய்ஷான் என்னும் அவ்வூர் நிலக்கிழார். முதலில் மிலார் வேலிகளை வரிசையாக நட்டு, அவற்றின் நிழலில் விதைத்தனர். வேலிகளுக்கு இடையில் காற்று மணலை அள்ளியது, விதையும் போயிற்று. பின்னர் நிலம் முழுவதையும் மரக்கிளைகளால் போர்த்தும் முறை வந்தது. அதனால்தான் பணி வெற்றி பெற்றது. அந்தப் போர்வை பெய்ஷானின் கருத்து என்பது வட்டார வரலாற்றாசிரியர் கொள்கை. கிளைகளின் அடிப்பகுதி கடலை நோக்க, ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று படியப் பரப்பி, மண்வெட்டியால் அள்ளிய மணலை இடையிடையே பாரமாக இடுவர். அதன்கீழ்ப் பைன் விதையுடன் மஞ்சட்பூப் புதர், முட்புதர், மணற்புல் ஆகியவற்றின் விதைகளையும் கலந்து விதைப்பர். புதர்கள் விரைந்து எழுந்து பைன் கன்றுக்கு நிழல் தரும். பைன் ஓங்கியபின் அதன் நிழலில் அவை மடியும். விதை மலிவு, கிளைகளே அரிது. மரமில்லாத மணற்காட்டிற்குத் தொலைவிலிருந்து கிளைகளைச் சுமந்து வர வேண்டும். அதனால் முன்னர் விதைத்த இடத்துப் புதரை வெட்டியே அடுத்த இடத்தைப் போர்த்தினர். பணியின் வேகத்தை அறுதியிட்டது அந்தப் புதரின் வளர்ச்சியே.

புரட்சிக் காலத்தில் பணம் வராமல் பணி இடையிடையே நின்றது. பிரெமோந்தியேவின் ஆய்வுரை அக்காலத்தில்தான் அச்சேறியது. 1801இல் கரை முழுவதும் காடு வளர்க்க அரசாணை பிறந்தது; மணற்குன்று ஆணையமும் அமைந்தது. 1818இல் லா தெஸ்த் காட்டில் பதினெட்டாம் லூயி மன்னர் ஒரு பளிங்குத்தூணை நாட்டினார். குன்றுகளை முதன்முதலில் நிறுத்திக் காடாக்கியவர் பிரெமோந்தியே என்றும், ஆண்டு 1786 என்றும் அது கூறுகிறது. விதைப்புத் தொடங்கியதோ அடுத்த ஆண்டில். 'முதன்முதலில்' என்ற சொல்லும் ஆண்டும் இரண்டுமே பிழைபட்ட ஒரு கல்வெட்டு, அதன்பின் வந்த நூல்களுக்கு மூலச்சான்றாகியது. கல்வெட்டு நேர்மையான சான்று என்று நம்பிப் பழகிய நம் போன்றோர்க்கு இது கவனிக்கத்தக்க செய்தி.

பலகை வேலியும் மணற்புல்லும்

மேலே கூறியது இருந்த குன்றை நிறுத்திய பணி. புதுக்குன்றைக் கட்டிய பணி அதனின் வேறானது, காலத்தாலும் பிற்பட்டது. உள்நாட்டில் காடு வளர்ந்தபோதும் கடலோரத்திலிருந்து புதுமணல் வந்துகொண்டே இருந்தது. அது இளங்கன்றுகளை மூடியது. ஆகவே மணலைக் கரையிலேயே பிடித்துவைக்க ஓர் அணை தேவைப்பட்டது. அவ்வணையை மணலாலேயே எழுப்பினர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாகிய இம்முறை இன்றும் படிக்கச் சுவையானது.

உயர் ஓதத்தின் எல்லைக்கு அப்பால், நூறு மீட்டருக்கும் மேல் உள்வாங்கி, கரைக்கு இணையாகப் பைன் பலகைகளை வரிசையாக நடுவர். பலகைக்கும் பலகைக்கும் இடையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சந்து விடுவர். முறையின் உயிர் அந்தச் சந்தில்தான் உள்ளது. இடைவெளியின்றி அடைத்த சுவரில் மோதும் காற்று மேலெழுந்து சுழன்று சுவரின் அடியைத் தோண்டும். மணல் ஒருபுறமே குவியும். சந்துள்ள வேலியோ காற்றைத் தடுப்பதில்லை, தளர்த்துகிறது. தளர்ந்த காற்று சுமையை இறக்குகிறது. மணலில் ஒரு பகுதி முன்புறமும், சந்தின் வழியே நுழைந்த பகுதி பின்புறமும் படிகிறது. பலகைகள் இருபுறமும் தாங்கப்பெற்று நிமிர்ந்து நிற்கின்றன. மணல் பலகைகளின் தலையை எட்டியதும், நெம்புகோல் கொண்டு ஒவ்வொன்றாக மேலே பிடுங்கி உயர்த்துவர். மீண்டும் மணல் ஏறும், மீண்டும் உயர்த்துவர். இவ்வாறு ஆண்டுகள் பல செல்ல, பத்து மீட்டர் அளவிற்குக் குன்று எழும். மண்ணைச் சுமந்தது காற்று. மனிதர் செய்தது, அது எங்கே இறக்க வேண்டும் என்று இடம் காட்டியதே.

இதன் அறிவியல் விளக்கம் ஒரு நூற்றாண்டு கழித்து வந்தது. ரால்ஃப் பாக்னால்ட் என்னும் ஆங்கிலப் படைப் பொறியாளர் 1941இல் வெளியிட்ட நூலில், காற்றில் மணல் புகைபோல் மிதப்பதில்லை. துகள்கள் தத்தித் தத்தித் தாவியே செல்கின்றன. பெரும்பகுதி தரையையொட்டியே நகர்கிறது என்று காட்டினார். விழும் ஒவ்வொரு துகளும் வேறு துகள்களைத் தெறிக்கச் செய்கிறது. ஆகவே தரைமட்டத்துக் காற்றைச் சிறிது தளர்த்தினாலும் மணலின் ஓட்டம் பெரிதும் குறையும். உயர்ந்த மதில் வேண்டுவதில்லை. தாழ்ந்த வேலியும் கிளைப்போர்வையும் போதும் என்பதற்குக் காரணம் இதுவே. பெய்ஷானின் ஆட்கள் கணிதமறியாமல் அதைச் செய்தனர்.

குவிந்த மணலை நிலைநிறுத்தியது 'கூர்பே' என்னும் புல். பிறமொழிச் சொற்களஞ்சியங்கள் இதற்கு வேறு பெயர்கள் தந்தாலும், பிரெஞ்சு வனத்துறையின் ஆவணங்களில் காஸ்கோனிய நாட்டுச்சொல்லே நிலைத்துவிட்டது. நம் கரைகளில் இப்பணியை அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் செய்கின்றன. கூர்பேயின் இயல்பு வியப்பிற்குரியது. மற்றப் பயிர்கள் மணலில் புதைந்தால் மடியும். கூர்பே புதையப் புதையத் தளிர்க்கும். மேலே ஏறிய மணலுக்குள் புதுக்கணு விட்டு, புதுவேர் பரப்பி, அம்மணலையும் கட்டும். குன்றும் புல்லும் ஒன்றையொன்று உயர்த்துகின்றன. மணல் வருவது அடியோடு நின்றால் அப்புல் சோர்ந்துவிடும் என்பதும் உண்மை. எனவே முழுமையாக அடங்கிய குன்றில் அதன் காவற்புல் நிலைப்பதில்லை. இதனை 19ஆம் நூற்றாண்டின் அலுவலர் முழுதும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. சரிவு சீராக இருக்க வேண்டும், மேடுபள்ளம் கூடாது, எங்கேனும் வாய் திறந்தால் உடனே அடைக்க வேண்டும் என்பதே அவர்தம் கட்டளை. 1862இல் பணி சாலை-பாலத் துறையிலிருந்து வனத்துறைக்கு மாறியது. அதற்குள் குன்றுகளின் பெரும்பகுதி காடாகியிருந்தது.

நிலம் யாருடையது?

மணல் பறந்தவரை அது பாழ்நிலம். யாரும் பட்டா கேட்கவில்லை. ஆனால் பாழ்நிலம் என்பது வரி வாங்குவோர் பார்வை. குன்றுகளுக்கு இடையிலுள்ள தாழ்ந்த ஈரநிலத்தைக் காஸ்கோனியர் 'லெத்' என்றனர். அங்குப் புல் முளைத்தது. மாடுகளும் குதிரைகளும் காவலின்றி மேய்ந்தன. ஊரார்க்கு அது மேய்ச்சற்பொது. 1810 டிசம்பர் 14ஆம் நாள் ஆணை, தனியாரோ ஊராட்சியோ தம் மணல்நிலத்தில் விதைக்க இயலாவிடின், அல்லது மறுப்பின், அரசே விதைத்து, செலவும் வட்டியும் மரவருவாயிலிருந்து தீரும்வரை அந்நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று வகுத்தது. மேற்போக்கில் இது நியாயமான கணக்கு. செலவு எவ்வளவு, தீர்ந்ததா இல்லையா என்பதை அரசே எழுதியது என்பதுதான் இடர்ப்பாடு. பல ஊர்கள் தம் குன்றுகளை மீட்க 19ஆம் நூற்றாண்டு முழுவதும் வழக்காடின.

இளங்காட்டில் ஆடுமாடு புகுதல் தடுக்கப்பட்டது. காடுகளில் தீ விழுந்தபோதெல்லாம் ஆயர்மேல் ஐயம் சென்றது. சில தீக்கள் அவர்கள் இட்டவையாக இருக்கலாம். ஆனால் தீயை மட்டும் எழுதி, அதற்கு முன் மூடப்பட்ட மேய்ச்சலை எழுதாத ஆவணத்தை வரலாற்று மாணவன் அப்படியே ஏற்றல் தகாது.

மூன்றாவது பணி இங்கேதான் வருகிறது. குன்றுகளுக்குக் கிழக்கே விரிந்த 'லாந்த்' என்னும் சமவெளி மணற்குன்றன்று. மாரியில் நீர் தேங்கும், கோடையில் காயும் புதர்நிலம் அது. பொய்க்காலில் நடந்து ஆடு மேய்த்த ஆயரின் படங்களால் ஐரோப்பா அதனை அறிந்தது. ஆட்டெரு இன்றி அங்குக் கம்புப்புல் இனத்து 'ரை' விளையாது. ஆகவே மேய்ச்சல் உழவிற்கும் உயிர். ஷாம்ப்ரலான் என்னும் பொறியாளர், வடிகால் வெட்டினால் அங்கும் பைன் வளரும் என்று நூற்றாண்டின் நடுவில் செய்து காட்டினார். 1857 ஜூன் 19ஆம் நாள் சட்டம், ஊராட்சிகள் தம் பொதுநிலத்தில் வடிகால் வெட்டிப் பைன் விதைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. செலவிற்குப் பணம் இல்லாத ஊர்கள் பொதுநிலத்தை விற்றன. வாங்கியோர் காட்டுடைமையாளராயினர், ஆயர் பைன் பால் வடிக்கும் கூலிகளாயினர். இன்று ஏறத்தாழ 10 இலட்சம் எக்டேர் பரவியுள்ள காட்டில் மணற்குன்றுக் காடு பத்தில் ஒரு பங்களவே. எஞ்சியது 1857ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. முழுக்காட்டையும் பிரெமோந்தியேவின் கணக்கில் எழுதும் வழக்கம், மணலிலிருந்து ஊரைக் காத்த செயலின் நற்பெயரைப் பொதுநிலம் கைமாறிய செயலுக்கும் போர்த்திவிடுகிறது.

அம்மாற்றத்தை உடனிருந்து பதிந்தவர் பெலிக்ஸ் அர்னோதேன் (1844-1921). லபுயேர் என்னும் ஊரினர். மிதிவண்டியில் ஊரூராகச் சென்று ஆயரையும் புதர்நிலத்தையும் படம் பிடித்தார். காஸ்கோனிய மொழியிலேயே பாடல்களையும் கதைகளையும் சொற்களையும் திரட்டினார். அவருடைய பாடல் தொகுதி 1912இல் வெளிவந்தது. மேய்ச்சல் தொழில் போனபின் அத்தொழிலின் சொற்களும் போகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மொழியாய்வாளர் அவரைப் பொறியாளர்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பொறியாளர் அறிக்கையில் வெற்றிடமாகக் காட்டப்பெறும் நிலத்திற்கு அவர் தொகுதியில் இடந்தோறும் பெயர் இருக்கிறது.

பின்னை வரலாறு

அர்க்காஷோன் விரிகுடாவின் வாயிலில் நிற்கும் பிலா குன்று நிறுத்தப்படாமல் விடப்பட்டது. உயரம் 100 மீட்டருக்கு மேல். ஐரோப்பாவில் அதனினும் உயர்ந்த மணற்குன்று இல்லை. ஆண்டுதோறும் சில மீட்டர் கிழக்கே நகர்ந்து பைன் மரங்களை மூடிவருகிறது. 18ஆம் நூற்றாண்டில் அழிவு எனப்பட்ட அதே காட்சி 1978இல் பாதுகாக்கப்பட்ட இயற்கைத் தலமாக அறிவிக்கப்பட்டது. மக்கள் படியேறிச் சென்று காண்கின்றனர்.

கட்டிய குன்றின் கதை வேறாகச் சென்றது. இரண்டாம் உலகப் போரில் செருமானியப் படை அதன்மேல் காங்கிரீட் அரண்களை அமைத்தது; அவற்றுள் பல இன்று கடற்கரை மணலில் கவிழ்ந்து கிடக்கின்றன. அவை குன்றின் உச்சியில் இருந்தவை என்பதே கடல் எவ்வளவு ஏறியுள்ளது என்பதற்கு அளவுகோல். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலில் இயந்திரங்களைக் கொண்டு பழைய சரிவை மீட்க முயன்றனர். பின்னர் வனத்துறையின் போக்கு மாறியது. குன்றைச் சிலையாக நிறுத்த வேண்டியதில்லை. கடல் முன்புறத்தை அரித்தால் குன்று சிறிது பின்வாங்கட்டும். வாய் திறந்த இடத்தில் மட்டும் கிளை பரப்பிப் புல் நடலாம் என்ற மென்முறை கடைப்பிடிக்கப்படுகிறது. கருவி மாறவில்லை. பெய்ஷானின் கிளைப்போர்வைதான் இன்றும் பரப்பப்படுகிறது.

பின்வாங்க இடமுள்ள கரைக்கு இது பொருந்தும். கட்டடம் எழுந்துவிட்ட கரையில் குன்று எங்கே பின்வாங்கும்? சூலாக்கில் 1967இல் கடலிலிருந்து 200 மீட்டர் தொலைவில் 'சிஞ்ஞால்' என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டினர். 2013-14 குளிர்காலப் புயல்களில் குன்று அரிந்து கடல் வாசலுக்கு வந்தது. 2014 சனவரியில் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். இழப்பீட்டிற்காகப் பல்லாண்டுகள் வழக்காடினர். 2023 பிப்ரவரியில் கட்டடம் இடிக்கப்பட்டது. மணலிலிருந்து தோண்டி எடுத்த பழைய தேவாலயம் அதே ஊரில், சற்று உள்ளே, வழிபாட்டில் உள்ளது.

லா தெஸ்தின் பழைய காட்டில் 2022 சூலையில் பற்றிய தீ 5,000 எக்டேருக்கு மேற்பட்ட பரப்பை எரித்தது. எரிந்ததில் 1468ஆம் ஆண்டு ஆவணத்தால் ஊரார் உரிமை பெற்ற பகுதியும் அடங்கும். கருகிய மரத்தை யார் வெட்டலாம், எவ்வளவு வெட்டலாம், மீண்டும் விதைப்பதா, தானே முளைக்க விடுவதா என்ற பூசல் தீ அணைந்ததும் தொடங்கியது. உடைமையாளர் ஒரு பக்கமும் உரிமையுடைய ஊரார் மறுபக்கமும் நின்று, ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்திய அந்த ஆவணத்தின் சொற்களையே மீண்டும் எடுத்துப் படிக்கின்றனர்.